இசைவாக்கம் யாருக்கு?

காடு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவரின் மனக்கண்முன் எழும் சித்திரம் ஒன்றுதான். வானளாவிய மரங்கள், அவற்றைப் பின்னிப் படர்ந்த கொடிகள், பகலிலும் அகலாத இருள், நாள் தவறாத மழை. அமேசன் என்பார்கள், கொங்கோ என்பார்கள், நம் நாட்டின் பேர் சொல்லச் சிங்கராசவனம் என்பார்கள். பூகோள பாடத்தில் "அயன மழைக்காட்டுக் காலநிலை" என்ற தலைப்பின் கீழ் இச்சித்திரம் நன்றாகவே தீட்டப்படுகிறது. புத்தளம் களப்பின் கரையிலுள்ள ஒரு பாடசாலையில் இப்பாடத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். எங்கள் வகுப்பறையின் சாளரத்தைத் திறந்தால் களப்புத் தெரியும். களப்பின் விளிம்பில் பச்சைக் கோடு கிழித்தாற்போலக் கண்டல் மரங்கள் தெரியும். அதனைக் காடு என்று அழைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மீனவருக்கு அது "கண்டல்". கந்தோர் மேசையிலிருந்து பார்க்கும் உத்தியோகத்தருக்கு அது "பயன்படாத அரச காணி". பணம் படைத்தவருக்கு அது இன்னும் வெட்டப்படாத இறால் குளம். ஒரே நிலத்துக்கு வழங்கும் இப்பெயர்களைக் கொண்டே யாருடைய வாழ்வு எதில் தங்கியிருக்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

முதலில் மழைக்காட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சிங்கராசவனத்தில் ஆண்டொன்றுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பொழிகிறது. வரட்சியான மாதம் என்று ஒன்று அங்கே இல்லை. வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. இந்த ஓயாத ஈரத்துக்கு ஏற்றபடி அங்குள்ள உயிர்கள் தம்மை அமைத்துக்கொண்டிருக்கின்றன. இலைகளின் நுனி ஊசிபோல் நீண்டிருக்கும். விழுந்த நீர் தேங்காமல் வழிந்துவிடும். மண் வளமற்றது, ஆகையால் உதிர்ந்த இலை மக்கியவுடனேயே அதன் சத்தை மேலோட்டமான வேர்கள் பற்றிக்கொள்கின்றன. பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடுகின்றன; ஒரு பறவை கலைக்கும் பூச்சி மற்றொன்றுக்கு உணவாகிறது; ஒன்று எழுப்பும் எச்சரிக்கைக் குரல் எல்லாவற்றுக்கும் காவலாகிறது. இத்தகைய பொருத்தத்தைத்தான் பாடநூல் "இசைவாக்கம்" என்று குறிக்கிறது.

அந்தக் காடு இன்று நிற்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்கென்று சிங்கராசவனத்தினுள் இயந்திரங்கள் புகுந்தன. அறிஞரும் பொதுமக்களும் குரல் எழுப்பினர். 1977இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. 1988இல் அக்காடு உலக மரபுரிமையாயிற்று. மக்கள் அதனைக் காடு என்று அறிந்திருந்தார்கள். ஆகவே அதற்காகக் குரல் கொடுத்தார்கள்.

எங்கள் புத்தளம் உலர்ந்த பூமி. நகரில் ஆண்டு மழை 1,000 முதல் 1,200 மில்லிமீற்றர் அளவுதான். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பின்னர் சித்திரையில் சிறிது தூறும். மற்ற மாதங்களில் காற்றும் வெயிலுமே ஆட்சி. இங்கே மழைக்காடு வளராது. ஆயினும் களப்பின் விளிம்பில் ஆண்டு முழுவதும் பசுமை மாறாத ஒரு காடு நிற்கிறது. மழையை நம்பாமல் கடலின் ஏற்றவிறக்கத்தையும் ஆற்று நீரையும் நம்பி நிற்கிறது. மழைக்காட்டுக்கு உடன்பிறந்த தம்பி என்று அதைச் சொல்லலாம். அண்ணன் ஈரத்தை வென்றான். தம்பி உப்பை வென்றான்.

புத்தளம் களப்பின் பரப்பு ஏறத்தாழ 32,700 ஹெக்டயர். கற்பிட்டித் தீபகற்பம் அதனைக் கடலினின்றும் பிரித்து நிற்கிறது. வடக்கே திறந்த வாயினூடாகக் கடல்நீர் உட்புகுகிறது. கிழக்கேயிருந்து கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீரைக் கொணர்கின்றன. தாதுசேன மன்னன் கட்டிய கலாவாவியின் நீர்தான் கலா ஓயா வழியாக வந்து இக்களப்பில் கலக்கிறது. அந்த ஆற்று முகத்திலேதான் இப்பகுதியின் செழித்த கண்டற் காடு இருக்கிறது. தென்கோடியிலோ நிலைமை வேறு. நன்னீர் வரவு குறைந்த வரட்சிக் காலத்தில் அங்குள்ள நீர் கடல்நீரையும் மிஞ்சி உவர்க்கும். உப்பளங்கள் அங்கே அமைந்ததற்குக் காரணமும் அதுவே. எங்கள் கடலில் நீர் ஏறி வற்றும் உயரம் முக்கால் மீற்றருக்கு மேற்படாது. ஆகவே கண்டலுக்கு உரிய நிலமும் ஒடுங்கிய ஓர் ஓரமாகவே இருக்கிறது. ஒடுங்கியது என்பதால் அதை அழிப்பதும் எளிதாயிற்று.

அந்த ஓரத்தில் நிற்கும் மரங்களைச் சற்று அணுகிப் பாருங்கள். கண்டல் மரம் தண்டிலிருந்து வளைந்திறங்கும் தாங்கு வேர்களின்மேல், பந்தற் கால்களின்மேல் நிற்பதுபோல் நிற்கிறது. நீரிலுள்ள உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடித்து நிறுத்திவிடுகிறது. அதன் விதை, மரத்திலிருக்கும்போதே முளைவிடுகிறது. தாயின் மடியில் வளர்ந்து ஒரு முழ நீளக் கோலானபின்தான் அப்பிள்ளை கீழே விழுகிறது. சேறு கிடைத்தால் ஊன்றிக்கொள்ளும். நீரானால் மாதக்கணக்கில் மிதந்து வேறொரு கரையில் குடியேறும். கண்ணா மரம் வேறொரு வழி கண்டது. உப்பை உள்ளே வரவிட்டு, இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியே தள்ளுகிறது. வெயில் நாளில் அதன் இலையை நாவில் வைத்தால் கரிக்கும். எங்கள் சிறுவர் எல்லோரும் அறிந்த விளையாட்டு இது. காற்றில்லாத சேற்றில் மூச்சுவிட அதன் வேர்கள் பென்சில்களைப்போல் மேல்நோக்கி முளைத்து நிற்கின்றன. தில்லை மரத்தின் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். கண்ணிற் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பழந்தமிழ்ப் புலவர் இம்மரங்களை நெய்தல் நிலத்துக்கு உரியவை என்று பெயர் சொல்லி அறிந்திருந்தனர். தமிழர் தம் கோயில் நகரொன்றுக்கே தில்லை என்று பெயரிட்டனர். அத்தகைய மரங்கள் நிற்கும் நிலம் பிற்காலத்தில் "பயனற்றது" ஆனது எப்படி என்பதைப் பின்னர் பார்ப்போம்.

மரத்தடியில் வாழும் உயிர்களின் திறமை மரத்தின் திறமைக்குக் குறைந்ததன்று. சேற்றில் துள்ளித் திரியும் உளுவை ஒரு மீன். ஆனால் நீர் வற்றியபின்னும் நிலத்தில் உலாவுகிறது. செவுள் அறையில் நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, ஈரமான தோலாலும் மூச்சுவிடுகிறது. கண்கள் தலையின் உச்சியில் இருப்பதால் நாற்றிசையும் பார்க்கிறது. ஒரு கை சிறுத்து மறுகை பெருத்த சின்ன நண்டுகள், நீர் வற்றும்போது வளையினின்று வெளிவந்து சேற்றை உருட்டி உருட்டி உண்கின்றன. நீர் ஏறும்போது வளைக்குள் புகுந்து வாயைச் சேற்றால் அடைத்துக்கொள்கின்றன. அவை தோண்டும் வளைகளின் வழியேதான் சேற்றினுள் காற்றுப் போகிறது. களப்பின் அடியில் கடற்புல் விரிந்திருக்கும் இடங்களில் ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்ந்த காலம் உண்டு. பதின்மூன்று பதினான்கு மாதம் சுமந்து ஒரு கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கும் சாதுவான பிராணி அது. வலையும் வெடியும் அதன் வேகத்துக்குக் காத்திருக்கவில்லை. இன்று அதைக் காண்பது அரிதாகிவிட்டது.

இனி இறாலைப் பார்ப்போம். ஏனெனில் இக்கதையின் நாயகனும் பலியும் அதுவே. புலி இறால் ஆழ்கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு நீரோட்டத்தோடு களப்புக்கு வருகிறது. கண்டலின் வேரிடுக்குகளில் உண்டு, ஒளிந்து, வளர்ந்து, சில மாதங்களின்பின் மீண்டும் கடலுக்குச் செல்கிறது. களப்பு நண்டும் பலவகை மீன்களும் தம் இளமைப் பருவத்தை அந்த வேர்களுக்கிடையே கழிக்கின்றன. கடலில் வலை வீசுபவனின் கூடை நிறைவது கரையிலுள்ள இந்தத் தொட்டிலால்தான்.

இதனை ஒருநாள் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தாய் இறால் உரிக்கும் இடத்தில் கூலி வேலை செய்பவர்.

"சேர், இப்படி இசைவாக்கம் அடையிறதுக்கு எத்தனை காலம் போயிருக்கும்?"

"கோடிக்கணக்கான ஆண்டுகள் பிள்ளை."

"அப்ப அதை வெட்டுறதுக்கு?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முந்திய வாரம் அவர்கள் வீட்டின் பின்புறத்தில் ஒரு மண்வெட்டி இயந்திரம் வேலை செய்திருந்தது. "சில நாட்கள் போதும்" என்று சொன்னேன். அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு அமர்ந்தாள்.

இக்கேள்விக்கு விஞ்ஞானம் மட்டும் விடை சொல்ல முடியாது. வரலாற்றையும் துணைக்கு அழைக்க வேண்டும். 1840ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சி முடிக்குரிய காணிகள் பற்றிய ஒரு சட்டத்தை இயற்றிற்று. பயிரிடப்படாத நிலங்களும் காடுகளும், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, முடிக்கே உரியவை என்று அது விதித்தது. மலைநாட்டில் அச்சட்டம் கோப்பித் தோட்டங்களுக்கு வழி திறந்தது. கரையோரத்தில் அதன் விளைவு நூற்றைம்பது ஆண்டுகளின்பின் வெளிப்பட்டது. ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக மீனும் நண்டும் விறகும் எடுத்த கண்டலுக்கு உறுதி கிடையாது; வேலி கிடையாது. எல்லோரும் பயன்படுத்தியதால் அது எவருடையதும் அன்று என்றாயிற்று. எவருடையதும் அல்லாதது, கேட்டுப் பெறத் தெரிந்தவனுக்கு உரியதாயிற்று.

1980களில் ஏற்றுமதி இறாலின் காலம் பிறந்தது. அந்நியச் செலாவணி வேண்டும் என்றது அரசு; யப்பானியச் சந்தை விலை கொடுத்தது. சிலாபம் முதல் முந்தல், புத்தளம், கற்பிட்டி வரை அரச காணிகள் குத்தகைக்குச் சென்றன. பெரிய கம்பனிகள் முதலில் வந்தன. அவற்றைப் பார்த்து நடுத்தரத்தினரும், அனுமதி பெற்றும் பெறாமலும், வெட்டினர். கண்டலும் சதுப்பும் உவர்நிலமும் சதுரம் சதுரமாகக் குளங்களாயின.

இயற்கையின் கணக்கு வேறாக இருந்தது. கண்டல் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனியம் காற்றுப் படாமல் கிடக்கிறது. அதைத் தோண்டி வரம்பாகக் கட்டினால் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகக் கசிகிறது. குளத்து நீர் புளிக்கிறது. மேலும், ஒல்லாந்தர் காலத்தில் வெட்டிய கால்வாயே பல பண்ணைகளுக்கு நீர் எடுக்கும் வழி; கழிவை விடும் வழியும் அதுவே. ஒருவன் வெளியேற்றியதை அடுத்தவன் உள்ளே இறைத்தான். 1996இல் வெண்புள்ளி நோய் என்னும் வைரசு பரவியபோது அது குளத்துக்குக் குளம் அக்கால்வாய் வழியாகவே நடந்து சென்றது. கடன் வாங்கி வெட்டியவர்கள் ஒரே பருவத்தில் வீழ்ந்தார்கள். பெரிய மூலதனம் வேறு தொழிலைத் தேடிச் சென்றது. கைவிடப்பட்ட குளங்கள், வெயிலில் வெடித்த தரையும் உப்புப் படிவுமாக, இன்றும் கிடக்கின்றன. இறாலின் தொட்டிலை வெட்டி இறாலை வளர்க்க முயன்ற விந்தை இது. அத்தனைக்கும் பொரிப்பகங்களுக்கு வேண்டிய தாய் இறால்களைக் கடலிலிருந்துதான் பிடித்து வந்தார்கள்!

களப்பில் தோணி வலிக்கும் முதியவர் ஒருவரோடு இதைப்பற்றிப் பேசியிருக்கிறேன். கற்பிட்டிப் பக்கத்தவர், ஐந்து வயதில் தகப்பனுடன் தொழிலுக்குப் போனவர்.

"நானா, முன்னைப்போல் இறால் படுகிறதா?" என்று கேட்டேன்.

"எங்க சேர்! முந்தி இந்த வாய்க்கால்ல வலையைப் போட்டா அரை மணித்தியாலத்தில கூடை நிறையும். இப்ப வாய்க்காலுக்கே வேலி. காவல்காரன் நிற்கிறான். மனுசனுக்கு வேலி விளங்கும், மீனுக்கு விளங்குமா?"

"கண்டலை வெட்டும்போது நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னம். உறுதி இருக்கா எண்டு கேட்டாங்க. கடலுக்கு யாரு சேர் உறுதி எழுதிறது?"

அந்த முதியவரின் வாக்கில் 1840ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரிய விமரிசனம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இறாலோடு தொல்லை முடிந்துவிடவில்லை. களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நுரைச்சோலையில் நிலக்கரி அனல் மின்நிலையம் எழுந்தது. அதன் முதற் பகுதி 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பகுதிகளும் சேர்ந்து 900 மெகாவாற்று ஆயின. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அதன் சாம்பலும் தூசியும் அருகிலுள்ள தோட்டங்களின் மேலும் வீடுகளின் மேலும் விழுகின்றன என்பது அவ்வூராரின் நெடுநாள் முறைப்பாடு. அதே 2011ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்து, பசுபிக் சமுத்திரக் கரைகளிலுள்ள கண்டற் காடுகள் ஹெக்டயர் ஒன்றுக்குச் சராசரி ஆயிரம் தொன் அளவு கரியைச் சேர்த்து வைத்திருக்கின்றன என்றும், அதில் மிகப் பெரும்பகுதி சேற்றிலேயே இருக்கிறது என்றும் அவ்வாய்வு காட்டிற்று. தரையிலுள்ள வெப்பவலயக் காடுகளைவிட இது பல மடங்கு. கரியைப் புதைத்து வைக்கும் காட்டை வெட்டுவதும், புதைந்த கரியைக் கப்பலில் கொணர்ந்து எரிப்பதும் ஒரே கரையில் நடந்தன.

2017 ஏப்ரிலில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து ஏழைகளின் வீடுகளைப் புதைத்தது. அதன்பின் தலைநகரின் குப்பையைப் புகைவண்டியில் ஏற்றிப் புத்தளத்து அருவக்காட்டில், களப்புக்கு அண்மையிலுள்ள சுண்ணக்கல் அகழ்ந்த குழிகளில் கொட்டும் திட்டம் விரைந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வீதிக்கு இறங்கினார்கள். கொழும்பு ஏழையின் தலையில் விழுந்த குப்பையைப் புத்தளத்து ஏழையின் தலைக்கு மாற்றுவது தீர்வாகாது என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

இக்களப்பு மனிதரையும் ஏற்றுக்கொண்ட களப்பு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதினாயிரம் பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் தம் மண்ணினின்றும் வெளியேற்றப்பட்டபோது, மிகப் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கே. ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்து, உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் களப்பிலும் வேலை தேடினார்கள். இருந்த வேலையை இரு சாராரும் பங்கிட வேண்டியிருந்தது, கூலி இறங்கிற்று, மனஸ்தாபங்களும் எழுந்தன. களப்பு வளமாக இருந்திருந்தால் அந்தப் பங்கீடு இத்தனை கடினமாகியிராது. "புதிய சூழலுக்கு இசைந்து வாழுங்கள்" என்று அவர்களுக்கும் சொல்லப்பட்டது. மீனவருக்கும் அதையே சொன்னார்கள்; சாம்பல் விழும் வீட்டாருக்கும் அதையே சொன்னார்கள். கண்டல் உப்புக்கு இசைந்தது, உப்பு தன் இயல்பை மாற்றாமல் நின்றதால். ஆண்டுக்கொரு முறை இலாபத்தின் தேவைக்கேற்ப மாற்றப்படும் சூழலுக்கு எந்த உயிரும் இசைய முடியாது. இசைவாக்கம் என்ற நல்ல சொல்லை எளியவர்மேல் சுமத்தும் கட்டளையாக்கியிருப்பதை நாம் ஏற்கலாகாது.

அழிந்ததை மீட்க முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் நாடெங்கும் கண்டற் கன்றுகள் நடப்பட்டன. 2017இல் வெளியான ஓர் ஆய்வு 23 இடங்களைச் சோதித்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை. ஆயிரம் ஹெக்டயருக்கு மேல் நட்டதில் இருநூறு ஹெக்டயர் அளவே வெற்றி கண்டது. நீர் எவ்வளவு உயரம் ஏறும், எந்த மரம் எந்த மட்டத்தில் நிற்கும் என்று பாராமல் ஒரே இனத்தை நட்டு, படம் பிடித்துச் சென்றதன் பலன் அது. தோணிக்காரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. சிலாபத்தை அடுத்த பம்பலையைத் தளமாகக் கொண்ட சிறு மீனவர் அமைப்பொன்று பண்ணைகளின் பரவலை எதிர்த்து நின்றது. 2015இல் நாட்டின் கண்டற் காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, கரையோரக் கிராமங்களின் பெண்களுக்குத் தொழிற் பயிற்சியும் சிறுகடனும் கொடுத்து, காவலை அவர்களிடமே ஒப்படைக்கும் முறையை அவ்வமைப்பு கைக்கொண்டது. 2001 முதல் ராம்சார் ஈரநிலமாகவுள்ள ஆனைவிழுந்தானில், கைவிடப்பட்ட இறால் குளங்களுக்குள் நீரோட்டம் மீண்டும் செல்ல வழிவிட்டுக் கண்டல் தானே முளைக்கச் செய்யும் முயற்சி நடைபெறுகிறது. 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்பை உலகின் முன்மாதிரி மீட்புப் பணிகளுள் ஒன்றாக அறிவித்தது. பட்டயத்தைச் சுவரில் மாட்டிவிட்டுக் குத்தகைப் பத்திரத்தில் கையொப்பமிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இப்போராட்டம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆண்டுதோறும் யூலை 26ஆம் நாள் உலகக் கண்டல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1998இல் அந்நாளில், தென் அமெரிக்காவின் எக்குவடோரில் முயிஸ்னே என்ற இடத்தில் மக்கள் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் திரண்டிருந்தபோது, அவர்களுடன் நின்ற மைக்குரோனீசியத் தொண்டர் டானியல் நனோட்டோ மாரடைப்பால் உயிர்நீத்தார். எங்கோ ஒரு சிறு தீவில் பிறந்தவர், வேறொரு கண்டத்து மீனவரின் சேற்று நிலத்துக்காக நின்று மடிந்தார். பாடசாலைகளில் அந்நாளைக் கொண்டாடுவோர் கன்று நடுவதோடு இச்செய்தியையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! மழைக்காட்டுப் பாடத்தைத் தவறாமல் படிப்பியுங்கள். அமேசனும் சிங்கராசவனமும் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை. அதனோடு இன்னுமொரு வேலையும் செய்யுங்கள். வகுப்பை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கண்டலின் எல்லையை நடந்து அளவுங்கள். எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்த வாய்க்கால் எப்போது அடைபட்டது, எந்த வேலி எந்த ஆண்டில் வந்தது என்று முதியவரைக் கேட்டு எழுதுங்கள். அவ்வேட்டின் ஒரு பிரதியைப் பாடசாலையிலும், ஒரு பிரதியை மீனவர் சங்கத்திலும் வையுங்கள். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்ப் பெரிய திட்டமொன்றின் சுற்றாடல் அறிக்கை மக்கள் பார்வைக்கு வரும்போது, அதைப் படித்து, ஊர் மொழியில் விளக்கி, கருத்தை எழுத்தில் அனுப்ப அச்சங்கத்துக்குத் துணை நில்லுங்கள். உறுதி இருக்கிறதா என்று மறுமுறை எவராவது கேட்டால், அம்முதியவரிடம் எடுத்து நீட்ட ஒரு தாளாவது இருக்கட்டும்.